சூடேறியதும் சோர்ந்த கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் எழுத்து வரிசையாக வராது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் குழம்பிவிடுகிறது. போன வாரம் எங்கள் கோயில் தேரைப் பற்றி எழுதியபோது தேர் போன வழியையே மாற்றி எழுதிவிட்டேன். நாலு பேர் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னார்களாம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு காரைப் பற்றி எழுதுகிறேன். இதில் பிசகினால் சண்டைக்கு வர ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மலையில் நின்றோம்

ஒரு புதன்கிழமை. சிரம்பானுக்குப் போகும் வழியில், புக்கிட் புத்துஸ் மலை ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். புதுப் பாதை போட்டு வளைவுகளைக் குறைத்துவிட்டார்கள், ஆனாலும் ஏற்றம் ஏற்றம்தான். நான் எண்ணெய் மிதியை, அதாவது ஆக்சிலரேட்டரை, மிதிக்கிறேன், கார் போகமாட்டேன் என்கிறது. இன்னும் மிதித்தால் இன்னும் சோர்கிறது. பின்னால் மண் ஏற்றிய லோரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து, எங்களைச் சுற்றிப் போனது. மண் லோரி! அதுவே முந்துகிறது என்றால் எங்கள் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் சீட்டில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காத்தாயி அக்கா கேட்டார்.

"ஏ புள்ள ராசம்மா, நான் வேணா எறங்கித் தள்ளட்டா?"

"சும்மா இருங்கக்கா."

"தள்ளுனா நான் மொதல்ல போய்ச் சேந்துருவேன். நீ பின்னால மெதுவா வா."

அவருக்குச் சிரிப்பு. எனக்குக் கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுச் சுவரும் அவர் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தம் கழுவ வேண்டும். பதினோரு மணிக்கு நாற்காலி, நாலு மணி நேரம். தாமதமாகப் போனால், அடுத்த ஆளுக்கு நேரமாகிறது என்று நர்ஸ் முன்னதாகவே கழற்றிவிட வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் அக்காவுக்கு மூச்சு இழுக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அது கேட்கும்.

அந்தப் புதன்கிழமை நாங்கள் முக்கால் மணி நேரம் தாமதம்.

சனிக்கிழமை வேன்

அக்காவின் மகன் ராஜன் ஜொகூர் பாருவில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அன்று மாலை போன் போட்டான். ஒலியைக் கூட்டி வைத்துப் பேசுவதுதான் அக்காவின் வழக்கம், அதனால் எனக்கும் கேட்டது. சித்தி என்று அவன் சொல்வது என்னைத்தான்.

"அம்மா, இது மூணாவது தடவ. சித்திய நான் கொற சொல்லல. ஆனா அந்தக் காரை நம்பி உங்கள விட முடியாது. சனிக்கிழம வேன் எடுத்துட்டு வர்றேன். சாமான் கட்டி வைங்க."

"உன் வீடு எத்தனாவது மாடிடா?"

"பதினாலு."

"பதினாலாவது மாடியில யார்கிட்டடா பேசுவேன்? காக்காகிட்டயா?"

"காக்கா அவ்வளவு ஒசரம் வராதும்மா."

போனை வைத்துவிட்டு அக்கா சிரித்தார். ஆனால் அன்று ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை.

வேறு வண்டி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் வரும் கார்கள், "எஸ்டேட் உள்ளேயா?" என்று கேட்டுவிட்டு வெட்டிவிடுகின்றன. செம்பனைத் தோட்டத்துக்குள் ஆறு கல் தூரத்துக்கு மண் ரோடு. எங்கள் பழைய கார் ஒன்றுதான் அந்த ரோட்டுக்குக் கோபித்துக்கொள்ளாது.

நான் ஓட்டக் கற்றது

நான் கார் ஓட்டுவேன் என்று வெளியில் சொல்லவே எனக்குக் கூச்சம். எங்கள் வீட்டுக்காரருக்கு இடது கண் மங்கிப்போய் லைசென்ஸ் போன பிறகுதான் ஐம்பது வயதுக்கு மேல் கற்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை பேசாமல் கற்றுக்கொண்டேன். சோதனை அதிகாரி, "மக்சிக் ஊமையா?" என்று மலாயில் எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டாராம். மக்சிக் என்றால் ஆண்ட்டி. பாஸ் ஆகிவிட்டேன்.

ஓட்டுவது நான், காருக்கு வைத்தியம் பார்ப்பது அவர். தோட்டத்து லோரியில் முப்பது வருடம் அட்டெண்டனாக, டிரைவருக்குக் கையாளாக, இருந்தவர், அதனால் இன்ஜின் பேச்சு வந்தால் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும் அவர்தான் பேசுவார். நான் காருக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் பக்கத்து டவுன் கோலப்பிலாவில் சேகர் என்று ஒரு மெக்கானிக். கெட்டிக்காரர், கொஞ்சம் வாயாடி. அவர் கடையில் எப்போதும் மூன்று நாலு ஆண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது தடவை கார் சோர்ந்ததுமே அவரிடம் கொண்டுபோனோம்.

"என்னா அங்கிள், என்னா செய்யுது?"

"சூடானா சோந்து போகுது" என்றார் இவர்.

அவ்வளவுதான் சொன்னார். நான் வீட்டில் இவரிடம் சொல்லி வைத்திருந்ததோ மூன்று விஷயம். காலையில் எடுத்தவுடன் நன்றாக ஓடுகிறது, அரை மணி கழித்துத்தான் சோர்கிறது. மிதித்தால் மோசமாகிறது, காலைக் கொஞ்சம் தூக்கினால் தேவலையாகிறது. சோரும்போது ஒரு வாசனை வருகிறது. இந்த மூன்றையும் சுருக்கி அவர் ஒரே வாக்கியமாக்கிவிட்டார்.

சூடு என்றதும் சேகர் ரேடியேட்டரைப் பார்த்தார். தண்ணீர் சரியாக இருந்தது. பிளக் மாற்றினார். பெட்ரோல் பில்டர் மாற்றினார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார், அதில் ஒன்றும் வரவில்லை. பானட்டைத் திறந்து வைத்து 'உர் உர்' என்று முடுக்கினார். கார் அங்கே நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. டாக்டரைக் கண்டதும் இருமல் நின்றுபோகும் குழந்தை மாதிரி.

"ஆண்ட்டி, காருக்கு வயசாச்சு லா. பொத்தோங் கடைக்கு அனுப்பிருங்க."

பொத்தோங் கடை என்றால் பழைய கார்களை வெட்டிப் பிரித்து விற்கும் இடம். ஸ்டூலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என் வழக்கம் அப்படி.

அந்த வாசனை

வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரப்பர் இருந்த காலத்தில் எனக்குப் புகை வீட்டில் வேலை. பாலை உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, ஈரத்தோடு கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவார்கள். நாலைந்து நாளில் ஷீட் தேன் நிறத்துக்கு வரும். நாங்கள் பெண்கள் உள்ளே போய்ப் புரட்டிப் போடுவோம். கண்ணீர் வழியும், புடவையெல்லாம் புகையும் புளிப்புமாக ஒரு வாடை. குளித்தாலும் போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த ஷீட் குளிரில் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். சூடு அதிகமானால் இளகிவிடும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்ததும் என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. புளிப்பு வாடை தித்திப்பாக மாறியிருந்தது. நெருப்பு அதிகம். மேல் வரிசை ஷீட்டுகள் லேசாகத் தொய்ய ஆரம்பித்திருந்தன. கிராணி, வேலையை மேற்பார்க்கும் கணக்கர், வெளியேதான் நின்றார். போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் ஷீட்டெல்லாம் கழியிலிருந்து முழம் முழமாக நீண்டு தரையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. நெருப்புப் போட்ட பெரியவருக்கு ஒரு வாரம் வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு என்ன தெரியும்?

மலையேற்றத்தில் கார் சோரும்போதெல்லாம் வந்தது அதே தித்திப்பு வாடைதான். ரப்பர் மரத்தை வெட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது, வயதான மூக்கு எதையோ நினைத்துக்கொள்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை

ராஜன் வருவதற்கு முந்தின நாள். அக்கா வீட்டில் இரண்டு பெட்டி கட்டி வைத்தாயிற்று. காரில் ஏறும்போது, "இதுதான் ஒன்கூட கடைசி சவாரி போல" என்றார். நான் சாவியைத் திருகினேன். அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பியிருந்தேன்.

ஏற்றம் தொடங்கியது. கார் சோர்ந்தது. வாடை வந்தது.

ஓரமாக நிறுத்தினேன். கியரை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டயருக்குப் பின்னால் ஒரு கல்லும் வைத்தேன். இன்ஜினை அணைக்கவில்லை. எத்தனை தடவை பார்த்தாயிற்று, எப்போதும் ஆறின இன்ஜினைத்தானே எல்லாரும் பார்த்தார்கள்? சூடாக இருக்கும்போதே பார்ப்போம் என்று பானட்டைத் தூக்கினேன்.

வாடை முகத்தில் அடித்தது. அது நினைப்பில் வந்த வாடை இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு இடமாக முகர்ந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. காற்று வடிகட்டும் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் மணிக்கட்டு அளவுக் குழாய் ஒன்று. அதன் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அங்கே வந்து மூக்கு நின்றது. துணியை வைத்துத் தொட்டேன். கொழகொழவென்று இருந்தது.

"அக்கா, முன்னால வந்து உக்காருங்க."

"எங்க?"

"ஸ்டியரிங் கிட்ட. வலது பக்கம் இருக்கிற மிதிய ஒரு அமுக்கு அமுக்குங்க."

"அடியே, எழுபத்து மூணு வயசுல எனக்கு லைசென்ஸ் எடுத்துத் தரப் போறியா?"

"அமுக்குங்கக்கா!"

நான் கத்தினேன். அக்காவிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கி, மெதுவாக நடந்து, முன் சீட்டில் உட்கார்ந்து அமுக்கினார்.

இன்ஜின் இரைந்தது. என் கண் முன்னால் அந்தக் குழாய், பாட்டில் பால் உறிஞ்சும் பிள்ளையின் கன்னம் மாதிரி உள்ளே குழிந்து ஒட்டிக்கொண்டது. இன்ஜின் திணறியது.

"விடுங்க!"

விட்டார். குழாய் மெல்ல உப்பி எழுந்தது. இன்ஜின் நிதானமானது.

"அமுக்குங்க!"

மறுபடி குழிந்தது.

"விடுங்க! அமுக்குங்க! விடுங்க!"

"என்னாடி, ஹார்மோனியமா வாசிக்கிறோம்?" என்று அக்கா உள்ளிருந்து கத்தினார். நான் ரோட்டோரத்தில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

காருக்கு வயதும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காற்றுப் போகவில்லை, அவ்வளவுதான். சூடு ஏறினால் குழாய் இளகுகிறது. மிதித்தால் இன்ஜின் பலமாக இழுக்கிறது. இழுத்தால் குழாய் ஒட்டிக்கொள்கிறது. காலைத் தூக்கினால் விட்டுவிடுகிறது. வொர்க்‌ஷாப்பில் நிறுத்திப் பானட்டைத் திறந்து வைப்பதற்குள் ஆறி, பலகையாக விறைத்துக்கொள்கிறது. நான் சொல்லி வைத்த மூன்று விஷயமும் வரிசையாக வந்து நின்றன.

இன்ஜினை அணைத்தேன். காரில் கிடந்த பழக் கத்தியால் டேப்பை அறுத்தேன். உள்ளே தேன் நிறம். ரப்பர் ஷீட்!

எங்கள் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தக் காரியத்தைச் செய்யமாட்டார்கள். ஓட்டை வாளியா, ஆடும் மேசையா, அறுந்த செருப்பா, எல்லாவற்றுக்கும் எங்கள் வீடுகளில் ஷீட்தான் மருந்து. கடைசிப் புகை போட்ட நாளில் எங்கள் வீட்டுக்காரர் இரண்டு ஷீட் கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அதில் ஒரு துண்டுதான் என் கையில் சூயிங் கம் மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்தது.

முழுவதையும் அறுத்து எடுத்தேன். குழாய் திறந்த வாயோடு நின்றது. தூசி போகும், தெரியும். ஒரு நாள் போனால் போகட்டும்.

கார் புலி மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பியது. மிதித்தேன். ஏறியது! இன்னும் மிதித்தேன். இன்னும் ஏறியது! முன்னால் ஒரு மண் லோரி போய்க்கொண்டிருந்தது. சிக்னல் போட்டு முந்தினேன். அக்கா கண்ணாடியை இறக்கி லோரிக்காரனுக்குக் கை காட்டினார்.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அன்று முழுசாக நாலு மணி நேரம் கிடைத்தது.

வென்னீர்

திரும்பும் வழியில் நேரே சேகர் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரரைப் போன் போட்டு வரச் சொன்னேன். யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். ஸ்டூலில் அதே ஆண்கள்.

கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தேன். இதற்குள் ஆறி விறைத்திருந்தது.

"சேகர், கோப்பிக்கு வென்னீர் இருக்குமா?"

"இருக்கு ஆண்ட்டி. கோப்பியா, மைலோவா?"

"வென்னீர் மட்டும்."

ஒரு குவளையில் கொண்டுவந்தார். துண்டில் பாதியை அதில் முக்கிப் பிடித்தேன். ஸ்டூலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெளியே எடுத்துக் காட்டினேன். வெளியே இருந்த பாதி விறைப்பாக நிற்க, முக்கின பாதி துவண்டு தொங்கியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று விஷயத்தையும், மலையில் பார்த்ததையும். திக்கித் திக்கித்தான் சொன்னேன், ஆனால் முழுசாகச் சொன்னேன்.

சேகர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடடா... டேப் சுத்தி இருந்தத நான் பாத்தேன் ஆண்ட்டி. கையில அமுக்கியும் பாத்தேன். கல்லு மாதிரி இருந்திச்சு. மிதிச்சா மோசம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நேரா காத்துப் பக்கம் போயிருப்பேன்ல? அங்கிள், இது யார் வேல?"

எங்கள் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஹோஸ் வெடிச்சிருந்திச்சு. அந்த எடத்த அறுத்துட்டு நான்தான் ஷீட்டச் சுருட்டி வெச்சேன். ரிப்பேர் ஆனத எதுக்குச் சொல்லணும்?" என்றார். பிறகு சத்தத்தைக் கூட்டி, "அது ஒண்ணாம் நம்பர் ஷீட்டு, தெரியுமா?"

"ஆமா" என்றார் காரில் இருந்த காத்தாயி அக்கா. "ஒண்ணாம் நம்பர் ஷீட்டு, ஒண்ணாம் நம்பர் புருசன். ரெண்டும் சூடானா தொவண்டுரும்."

ஸ்டூல் ஆண்களில் ஒருவருக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டுக்காரரே கடைசியில் சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும், "என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்" என்றார். "வீட்டுலயே தனியாத்தாங்க சொன்னேன்" என்றேன்.

சேகர் அன்றைக்கே பொத்தோங் கடைக்கு ஆளை அனுப்பி, மடிப்பு மடிப்பாக உள்ள நல்ல ஹோஸ் ஒன்றை எடுத்துவரச் செய்து மாட்டிக் கொடுத்தார்.

ராஜன் வந்தான்

சனிக்கிழமை காலையில் வேன் வந்து நின்றது. நடந்ததை அக்கா அவனிடம் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டான். ஆனால் நம்பவில்லை.

"சித்தி, ஒரு நாள் ஓடியிருக்கும். திங்கக்கிழம நின்னுட்டா?"

வாதாட எனக்குத் தெரியாது. சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறுப்பா" என்றேன்.

அவன் முன்னால், அக்கா பின்னால். கோலப்பிலாவைத் தாண்டி அரை மணி நேரம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கினேன். வெயிலும் சேர்ந்துகொண்டது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் மூன்றாவது கியரில் போட்டு, காலை அடியோடு அமுக்கினேன். செடிகொடியெல்லாம் பின்னால் ஓடியது. ராஜன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தி... சித்தி, மெதுவா!"

"டேய்" என்றார் அக்கா, "போகமாட்டேங்குதுன்னுதானடா வேன் கொண்டாந்த? இப்ப மெதுவாங்கற?"

உச்சியில் நிறுத்தினேன். ராஜன் இறங்கி, பானட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டான். அப்புறம் அம்மாவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்காமல் சிரம்பான் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றான். "பெட்டிய அவுத்துருங்க."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சித்திக்கு நன்றி சொல்லுடா" என்றார். அவன் சொன்னான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பெட்ரோல் முள்ளைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

ராஜன் வந்த வேனில் பலாப்பழம் ஒன்று மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினான்.

இதில் சில விவரங்கள் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அந்தக் குழாய்க்குச் சரியான பெயர் என்ன, புக்கிட் புத்துஸ் புதுப் பாதை எப்போது திறந்தது, எங்கள் தோட்டத்தில் கடைசிப் புகை போட்டது எந்த வருடம் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. வீட்டுக்கும் வரலாம். திங்கள், புதன், வெள்ளி மட்டும் வர வேண்டாம். அன்றைக்கெல்லாம் நான் சிரம்பானில் இருப்பேன்.